லிட்டரைச் சொல்வதற்கு முன்னால், உள்ளே போவது என்னவென்று சொல்லுங்கள்: திருப்பூர் சாய ஆலை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டையிங், பிளீச்சிங் ஆலை முதலாளிகளுக்கும், அவர்களிடம் பர்ச்சேஸ் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

இருபத்தேழு வருடமாக இந்தப் பக்கத்தில் டேங்க் செய்து கொடுக்கிறேன். உங்களில் சிலருடைய ஆலையில் நான் செய்த டேங்க் நிற்கிறது. சிலருடைய ஆலைக்கு, வேறு யாரோ செய்த டேங்க்கை ஒட்டுப்போட வந்திருக்கிறேன். காலையில் ஷெட்டைத் திறந்ததும் வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணா, பத்தாயிரம் லிட்டர் டேங்க் ஒண்ணு வேணும். என்ன ரேட் ஆகுதுங்க?" உள்ளே என்ன ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்பேன். "கெமிக்கல்தாங்க" என்பார்கள். என்ன கெமிக்கல், எத்தனை சதவீதம், சூடாக வருமா ஆறி வருமா என்று தோண்டினால், "அதெல்லாம் லேப்ல கேக்கணுங்க, நீங்க ரேட்டை மட்டும் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க" என்று போன் வைக்கப்படும். அந்த ஒரு போனைப் பற்றித்தான் இந்த மடல்.

என் மேஜைக்குப் பின்னால் ஒரு அலமாரி இருக்கிறது. கெட்டுப்போன டேங்க்குகளில் இருந்து வெட்டி எடுத்த துண்டுகளை அதில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) பிளேட். ஒரு ஓரத்தில் அளந்தால் 8 மில்லிமீட்டர். மறு ஓரம் காய் நறுக்கலாம் போல மெலிந்திருக்கும். நடுவில், ஈர மண்ணில் விரல்களை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தால் விழுமே, அது மாதிரி வரிசையாகப் பள்ளங்கள். சல்பூரிக் ஆசிட் டேங்க்கின் மேன்ஹோல் (ஆள் இறங்கும் வாய்) கழுத்தில் இருந்து எடுத்தது. ஆசிட் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, ஒரே வழியாக மேலே ஏறி ஏறி அறுத்த தடம் அது. பார்க்க வருகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மட்டமான பிளேட்டுங்களா?" இல்லை. பிளேட் நல்ல பிளேட்தான். டேங்க்கைச் சுத்தமாக வைக்கிறேன் என்று தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, ஈரத்தோடு மூடி வைத்ததால் வந்த வினை.

இது பலருக்கு நம்பவே முடியாத விஷயம். 98 சதவீத சல்பூரிக் ஆசிட்டைச் சாதாரண எம்.எஸ். டேங்க்கிலேயே வைக்கலாம். கெட்டி ஆசிட் இரும்பின் மேல் பட்டதும் இரும்பு சல்பேட் படலம் ஒன்று படியும். அதற்குப் பிறகு அந்தப் படலமே பிளேட்டைக் காப்பாற்றும். அதே ஆசிட் தண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் படலம் கரைந்துவிடும். அப்புறம் இரும்பைப் பிடித்து நிறுத்த முடியாது. சட்டியில் மிச்சம் வைத்த மாவு மாதிரி, காலி டேங்க்கின் அடியில் நாலு விரல் ஆசிட் கிடந்தால்கூட, மழைக்காலத்தில் திறந்த வென்ட் (காற்றுப் போகும் குழாய்) வழியாக ஈரக் காற்றை உறிஞ்சி அது தானாக நீர்த்துப்போகும். ஆக, எம்.எஸ். சரியா தப்பா என்ற கேள்விக்கு ஆசிட்டின் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. சதவீதம் வேண்டும், ஈரம் போகுமா என்று தெரிய வேண்டும், பைப்பில் என்ன வேகத்தில் ஓடும் என்பதும் வேண்டும். விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டி ஓடினால் அந்தப் படலத்தை ஆசிட்டே அரித்து எடுத்துவிடும். எல்போவில், அதாவது பைப் வளையும் இடத்தில், முதலில் ஓட்டை விழுவது அதனால்தான்.

கழுவுகிற பேச்சு வந்ததால் இன்னொன்று. அப்படி நீர்த்த ஆசிட் கிடக்கும் டேங்க்கில் ஹைட்ரஜன் நிறைந்திருக்கும். அதன்மேல் வெல்டிங் ராடை வைக்கச் சொல்லி எந்த வெல்டரையும் அனுப்பாதீர்கள். "சின்னக் கசிவுதாங்க, ஒரு பொட்டு வச்சு விட்டாப் போதும்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. காலி செய்து, முழுக்கத் தண்ணீர் நிரப்பி வழியவிட்டு, வாயு அளந்து பார்த்த பிறகே பொட்டு வைக்க முடியும் என்று சொன்னதால் போன கஸ்டமர்களும் உண்டு. போகட்டும்.

அமெரிக்காவில் டெலவேர் சிட்டியில் மோட்டிவா ரிஃபைனரியில் 2001 ஜூலை 17 அன்று நடந்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது. புது ஆசிட்டுக்காகச் செய்த டேங்க் ஒன்றை, பயன்படுத்திக் கழித்த ஆசிட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கழித்த ஆசிட்டில் எரியக்கூடிய எண்ணெய் வகைகள் கலந்திருக்கும். சுவரில் வருடா வருடம் கசிவு. உள்ளே இறங்கிச் சோதிக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்ஷன் ஆட்கள் எழுதிக் கொடுத்தும் அது தள்ளிக்கொண்டே போனது. பக்கத்தில் நடைபாதையைச் சரிசெய்ய ஒப்பந்த ஆட்கள் வெல்டிங் வேலை பார்த்தபோது பறந்த பொறி, ஓட்டைகள் வழியாக வந்த ஆவியைப் பற்றவைத்தது. டேங்க் அடியோடு பிய்ந்தது. ஒருவர் செத்துப்போனார், எட்டுப் பேருக்குக் காயம். ஆசிட் டெலவேர் ஆற்றுக்குள் போனது. அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது அந்த "மாற்றியிருந்தார்கள்" என்ற ஒரு வார்த்தைதான். நம் ஊரில் அது தினமும் நடக்கிறது. போன வருடம் காஸ்டிக் (காஸ்டிக் சோடா) இருந்த டேங்க்கில் இந்த வருடம் வேறு ஏதோ இருக்கும். கேட்டால், "காலியாத்தானே இருந்துச்சு" என்பார்கள்.

சரி, துணியை வெளுக்க உங்கள் ஆலையில் தினமும் புழங்குவதற்கு வருகிறேன். பெராக்சைடு.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம். ஒரு பிளீச்சிங் ஆலையில் வேறு வேலையாக நின்றுகொண்டிருந்தேன். டோசிங் பக்கம் வேலை பார்க்கிற ஒடிசா தம்பி ஓடிவந்து, டேங்க் சுடுகிறது என்று பாதித் தமிழும் பாதி ஜாடையுமாகச் சொன்னான். போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். டீ டம்ளரைத் தொடுகிற சூடு. உள்ளே 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அதைச் சூடு பண்ண அங்கே எதுவுமே கிடையாது. வால்வுப் பக்கம் குனிந்து பார்த்தால், நல்ல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 கிரேடு டேங்க்கில் ஒரே ஒரு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள், அதாவது குட்டி இணைப்புக் குழாய். முந்தின நாள் இரவு ஒழுகியதற்கு, கையில் கிடைத்ததைப் பிளம்பர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரும்பும் துத்தநாகமும் கரைந்து இறங்க இறங்க, பெராக்சைடு தன்னைத் தானே உடைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. உடைய உடைய சூடு, சூடு ஏற ஏற வேகம். ஒரு லிட்டர் 50 சதவீதப் பெராக்சைடு முழுசாக உடைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். மேலே இருந்ததோ முக்கால் இஞ்ச் வென்ட். ஓஸைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, எல்லோரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினோம். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தம்பி கையை வைத்துப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பெராக்சைடுக்கு 304எல் அல்லது 316எல் எஸ்.எஸ். போதும். ஆனால் உள்பக்கம் பிக்கிளிங் செய்து (ஆசிட்டால் வெல்டிங் கறையை நீக்கி), நைட்ரிக் ஆசிட்டால் பாசிவேஷன் (காப்புப் படலம் உண்டாக்குதல்) செய்திருக்க வேண்டும். அதற்கென்று செய்த ஹெச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) டேங்க்கும் ஆகும். எம்.எஸ்., ஜி.ஐ., பித்தளை, செம்பு இவற்றில் ஒரு போல்ட்டுகூடப் பெராக்சைடு படும் இடத்தில் இருக்கக்கூடாது. வென்ட் பெரிதாக இருக்க வேண்டும். டேங்க்கில் இருந்து வெளியே எடுத்த பெராக்சைடை, மிச்சமாகிவிட்டது என்று திரும்ப உள்ளே ஊற்றவே கூடாது. தெர்மாமீட்டர் ஒன்று மாட்டச் சொல்லி எல்லோரிடமும் சொல்கிறேன். அதன் விலை உங்கள் ஒரு லோடு பெராக்சைடுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இங்கே இன்னொன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேட்ச் பேட்ச்சாகத் துணியில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுகிறது என்று நூல் மில்லையும் நிட்டிங்காரரையும் பிடித்துத் திட்டுகிறோம். ஒரு தடவை காஸ்டிக் டேங்க்கின் அடியையும் பாருங்கள். 48 சதவீதக் காஸ்டிக் கரைசலை எம்.எஸ். டேங்க்கில் வைப்பது தப்பில்லை. ஆறியிருக்கும் வரை பிளேட் பல வருடம் தாங்கும். ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக இரும்பை வாங்கிக்கொள்ளும். அந்தக் காஸ்டிக் பிளீச்சிங் பாத் (துணியை வெளுக்கும் தொட்டி) உள்ளே போய், துணியில் இரும்புத் துகள் உட்கார்ந்த இடத்தில் பெராக்சைடு வெறிபிடித்தது போல உடைந்து பருத்தி இழையைச் சுடும். ஓட்டை அங்கேதான் விழும். ஓட்டைக்கு வேறு காரணமும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பிளீச்சிங்குக்குப் போகும் காஸ்டிக் என்று போனிலேயே சொல்லியிருந்தால், எம்.எஸ். வேண்டாம், எஸ்.எஸ். அல்லது ஹெச்.டி.பி.இ. போடுங்கள் என்று அப்போதே சொல்லியிருப்பேன். "காஸ்டிக்" என்று மட்டும் சொன்னால் எம்.எஸ். ரேட்தான் வரும். அதுதான் குறைச்சலாக இருக்கும். ஆர்டரும் அதற்குத்தான் போகும்.

காஸ்டிக்கைச் சூடாக வைப்பவர்கள் தனியாகச் சொல்லிவிடுங்கள். சுமார் 50 டிகிரியைத் தாண்டினால் எம்.எஸ். பிளேட்டில் வெல்டிங் ஓரமாக மயிரிழை மாதிரி விரிசல் விழும். பிளேட் மெலியாது, தட்டிப் பார்த்தாலும் தெரியாது, ஒரு நாள் கோடு விட்டு ஒழுகும். அந்த டேங்க்குக்கு வெல்டிங் முடிந்ததும் சூடேற்றி ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்ய (பிளேட்டின் உள்ளிறுக்கத்தைத் தளர்த்த) வேண்டும். அலுமினியம், ஜி.ஐ. இரண்டும் காஸ்டிக் பக்கமே வரக்கூடாது.

இனி எஸ்.எஸ். பற்றி. "எதுக்கு இத்தனை குழப்பம், எஸ்.எஸ்.லயே போட்டு விட்டுருங்க" என்று நல்ல மனதோடு சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. எஸ்.எஸ். என்றால் எல்லாம் தாங்கும் என்பது சமையலறைப் பாத்திரத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. உப்பும் அதன் தம்பியான ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் எஸ்.எஸ்.ஸின் ஜென்ம விரோதிகள். 30 சதவீத ஹைட்ரோகுளோரிக்கை 316-இல் ஊற்றினாலும் நிற்காது. அதற்கு ரப்பர் லைனிங் போட்ட எம்.எஸ்., வினைல் எஸ்டர் ரெசினில் செய்த ஃபைபர் (கண்ணாடி நார் வைத்த பிளாஸ்டிக்), இல்லை ஹெச்.டி.பி.இ. என்று போக வேண்டும். அந்த டேங்க்கின் வென்ட்டைச் சும்மா காற்றில் விட்டால், பக்கத்தில் நிற்கும் எஸ்.எஸ். டேங்க்கின் வெளிப்பக்கத்தை அந்தப் புகை தின்றுவிடும். வென்ட்டைத் தண்ணீர்ப் பானை வழியாகத் திருப்பிவிடுங்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்ன நாட்கள் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாத முறை) இல்லாமல் இங்கே தொழில் கிடையாது. கழிவுநீரைச் சுத்தம் செய்து, உப்புநீரை மீட்டு, திரும்ப டையிங்குக்கு அனுப்புகிறோம். நொய்யலுக்கு அது செய்த நல்லதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதுவரை நாம் பார்க்காத அளவுக்குக் கெட்டி உப்புநீர், அதுவும் சூடாக, ஆலைக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் ஒரு ஆலைக்கு 304-இல் உப்புநீர் டேங்க் செய்து கொடுத்தேன். அவர்கள் கேட்டது அது. நானும் உப்பில் இருக்கும் குளோரைடு எவ்வளவு என்று கேட்கவில்லை. பதினாலு மாதத்தில் வெல்டிங் ஓரமாகக் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். வெளியே டீக்கறை மாதிரிப் புள்ளி. உள்ளே சுரண்டினால் குழி. அந்தத் துண்டும் அலமாரியில் இருக்கிறது. தப்பு என்னுடையதும்தான் என்று சொல்லி, பாதி விலைக்கு ஃபைபரில் மாற்றிக் கொடுத்தேன். கிளாபர் சால்ட் (சோடியம் சல்பேட்) மட்டும் என்றால் எஸ்.எஸ். பரவாயில்லை. சாதா உப்பு வந்துவிட்டால் கணக்கே வேறு.

எஸ்.எஸ். வாங்கும்போது காந்தத்தை ஒட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது. 304-இல் நிக்கல் 8 சதவீதம் இருக்கும். 202-இல் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, மீதிக்கு மாங்கனீஸ். கண்ணுக்கு இரண்டும் அக்கா தங்கை. மில் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அதில் இருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) பிளேட்டில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். இப்போதெல்லாம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைப் பிளேட்டில் வைத்தால் சில விநாடியில் நிக்கல் எவ்வளவு, மாலிப்டினம் எவ்வளவு என்று காட்டிவிடும். 316 என்று காசு கொடுத்தால் மாலிப்டினம் 2 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

ஃபைபர் டேங்க்கிலும் இதே கதைதான். பெயின்ட் அடித்த பிறகு எல்லா ஃபைபரும் ஒரே மாதிரி இருக்கும். கெமிக்கலோடு மல்லுக்கு நிற்பது கண்ணாடி நார் இல்லை, உள்பக்கம் ரெசின் அதிகமாக வைத்துப் போடும் முதல் இரண்டரை மூன்று மில்லிமீட்டர்தான். அங்கே சாதா ஜி.பி. (பொது உபயோக) ரெசினைப் போட்டுவிட்டு வினைல் எஸ்டர் என்று பில் போட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெசின் டிரம்மின் லேபிளை, வேலை நடக்கும்போதே உங்கள் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்த பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், நார் நாராகத் தெரியக்கூடாது. அசிட்டோன் தொட்ட துணியால் தேய்த்தால் பிசுபிசுப்பு வரக்கூடாது. வந்தால் ரெசின் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். காஸ்டிக்குக்கும் ஹைப்போவுக்கும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) என்றால் உள் படலத்தில் கண்ணாடி வெய்ல் (மெல்லிய நார் விரிப்பு) போடாமல் சிந்தெடிக் வெய்ல் போட வேண்டும், ஏனென்றால் காரம் கண்ணாடியையே கரைக்கும்.

அப்புறம், மொட்டைமாடியில் வைக்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. சின்ன ஆலைகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அந்தத் தொட்டிகளுக்கான ஐ.எஸ். 12701 தண்ணீருக்காகப் போட்ட தரம். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் பத்து டன். அதே அளவு 48 சதவீதக் காஸ்டிக் ஏறத்தாழ பதினைந்து டன். 98 சதவீத சல்பூரிக் பதினெட்டு டன்னுக்கு மேல். அளவு அதே பத்தாயிரம்தான், ஆனால் அடிச்சுவரைத் தள்ளும் பாரம் ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெயில் ஏற ஏற பிளாஸ்டிக் இளகும். வருடம் ஏற ஏற விறைக்கும். அடிப்பக்கம் பானை வயிறு மாதிரி உப்பியிருக்கிற தொட்டி உங்கள் ஆலையில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஆட்களை அந்தப் பக்கம் போக விடாமல் செய்துவிட்டு, முதலில் அதைக் காலி செய்யுங்கள்.

பாரத்தைப் பற்றிச் சொல்லும்போது ராணிப்பேட்டையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015 ஜனவரி 31 விடியற்காலை, தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கசடில் மூழ்கினார்கள். பத்துப் பேர். பிழைக்க வந்த வெளிமாநிலத்துப் பிள்ளைகள்தான் அதில் அதிகம். நம் ஆலைகளிலும் டேங்க் பக்கத்து நிழலில்தான் சாப்பிடுகிறார்கள், அங்கேயே துண்டை விரித்துப் படுக்கிறார்கள். டேங்க்கைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டும்போது, பெரிய டேங்க்கின் கொள்ளளவை விடப் பத்து சதவீதம் கூடுதலாகத் தாங்கும்படி கட்டுங்கள். ஹைப்போவையும் ஆசிட்டையும் ஒரே தடுப்புக்குள் வைக்காதீர்கள். இரண்டும் ஒழுகிக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஓடக்கூட நேரம் இருக்காது.

உங்கள் சங்கத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. ஒரு பக்கத் தாள். அதில் கெமிக்கலின் பெயர், சதவீதம், அடர்த்தி, ஆகக்கூடிய சூடு, குளோரைடு எவ்வளவு, பம்ப்பில் ஏறுமா இல்லை லாரியில் இருந்து காற்றழுத்தத்தில் தள்ளுவார்களா, உள்ளே இருந்து எடுத்தது எந்த வேலைக்குப் போகும், இவ்வளவும் இருக்க வேண்டும். காற்றழுத்தம் என்றால், லோடு தீரும் கடைசி நிமிஷத்தில் டேங்க்கின் கூரை மேல் ஒரு அடி விழும். வென்ட் அளவே அதனால் மாறும். கெமிக்கலைச் சப்ளை செய்கிறவரிடம் கேட்டால் இதில் பாதியை அவரே நிரப்பித் தருவார். மீதியை உங்கள் லேப் நிரப்பும். அந்தத் தாள் இல்லாமல் யாரிடமும் கோட்டேஷன் கேட்பதில்லை என்று சங்கத்தில் முடிவெடுங்கள். அப்படி முடிவெடுத்தால், தாளைப் படிக்கத் தெரியாத ஃபேப்ரிகேட்டர்கள் தானாக ஒதுங்குவார்கள். அதே தாளை லேமினேட் செய்து டேங்க்கிலேயே தொங்கவிடுங்கள், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். வேறு எதையாவது ஊற்ற நினைக்கிற சூப்பர்வைசர் முதலில் அதைப் படிக்கட்டும். படித்துவிட்டு டேங்க் செய்தவருக்கு ஒரு போன் போடட்டும்.

ரேட் கூடுமே என்பீர்கள். சிலதில் கூடும், மறைக்கவில்லை. சிலதில் குறையவும் செய்யும். 316 கேட்டு வந்தவர்களுக்கு எம்.எஸ். போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கெட்டி ஆசிட் என்று தெரிந்ததால்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஷெட்டில் வெல்டிங் சத்தம் இருக்காது. உங்கள் பர்ச்சேஸ் தம்பியையும், டேங்க் பக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு ஆளையும் சேர்த்து அனுப்பி வையுங்கள். அலமாரியில் இருக்கும் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். எந்தத் துண்டு எந்தக் கெமிக்கலில் கிடந்தது என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் டேங்க் ஃபேப்ரிகேட்டர் ஒருவன்